இருபத்தைந்து மடங்கு பள்ளம்

மார்ச் 4

தலைநகர் அருங்காட்சியகத்தில் நிலமாதிரி செய்யும் பெரிய கலைஞர் அவர்களுக்கு,

'அன்புள்ள தம்பிக்கு' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. மூன்று நாளாக நீ போன் அடிப்பது தெரிகிறது. எடுக்க மாட்டேன். எடுத்தால் வாயில் வந்ததைக் கொட்டிவிடுவேன். நீயும் "அக்கா கத்தினா, ஒண்ணுமே புரியல" என்று நழுவிவிடுவாய். எழுதித் திட்டினால் நீ உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை எங்கள் பள்ளிக்கூடக் கதவில் நகரமைப்புக் குழு ஒரு அறிவிப்பை ஒட்டியிருந்தது. கீழ்க்கரையிலுள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் பள்ளிக்கூடமும் ஜூன் முடிவதற்குள் காலியாக வேண்டுமாம். ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் இடம் தருவார்களாம். காரணம் ஒரே வரி: 'நிலத்தின் இயல்பான தாழ்வு காரணமாக.' பக்கத்தில் ஒரு படம். மேசை மேல் நம் ஊரின் மாதிரி. நடுவில் ஆறு. அந்தப் பக்கம் மேல்கரை, குன்று போல நிமிர்ந்து நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு குழி. அந்தக் குழிதான் நாம். அதில் நீலத் தண்ணீர் தளும்பி நிற்கிறது.

செய்தவன் பெயர் போடவில்லை. போடவும் தேவையில்லை. அந்தப் பச்சையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். எட்டு வயதில் என் வண்ணப்பெட்டியைத் திருடிப் பச்சையில் பழுப்பைக் குழப்பி, "இதான்க்கா வண்டல் நிறம்" என்று என் வெள்ளைச் சட்டையில் பூசிக் காட்டினாயே, அதே பச்சை.

எதிர்வீட்டுத் தையற்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "டீச்சர், நாம இவ்வளவு ஆழத்துலயா குடியிருக்கோம்? எனக்கு ஏன் இதுவரைக்கும் மூச்சு முட்டல?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பதினெட்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறேன். நிலமாதிரியில் உயரத்தைக் கூட்டிக் காட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். குழுத் தலைவருக்குத் தெரியாது. ஆகவே கேட்கிறேன். உயரத்தை எத்தனை மடங்கு கூட்டினாய்? அதை எழுதி மாதிரியில் மாட்டும் தட்டு அந்தப் படத்தில் ஏன் இல்லை? குழுவின் முன்னால் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்களாமே, ஊற்றிய கை யாருடையது?

மழுப்பாமல் பதில் எழுது.

உன் அக்கா
(இன்னும்)


மார்ச் 11

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் செய்தேன். ஊற்றியதும் நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

நீ என்னவோ நான் திருட்டுத்தனமாகக் குழி தோண்டியது போல எழுதியிருக்கிறாய். எங்கள் புதுக் கூடத்தை நீ வந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். இரண்டு தடவை அழைத்தேன். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றாய்.

கூடத்தில் பதினோரு மேசைகள். முதல் மேசையில் பெரிய ஆற்றுச் சமவெளி. வருஷா வருஷம் வெள்ளம் வந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போகும் நிலம். அங்கேதான் தின்றது போக மிச்சம் விளைந்தது. மிச்சம் இருந்ததால் களஞ்சியம் வந்தது. களஞ்சியத்தைக் காக்க அரசன் வந்தான், கணக்கு வைக்க எழுத்து வந்தது. மூன்றாவது மேசையில் மலை நாடு. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகவே நாலு நாள், அதனால் பள்ளத்தாக்குக்கு ஒரு பேச்சு, பள்ளத்தாக்குக்கு ஒரு தலைவன். ஐந்தாவதில் புல்வெளி. மழை போதாது, ஏர் இறங்காது. மனிதன் மந்தைக்குப் பின்னாலேயே நடந்தான், குதிரை மேல் ஏறினான், ஊர் கட்டவே இல்லை. ஏழாவதில் காற்றை மறிக்கும் ஒரு விரிகுடா. கப்பல் ஒதுங்க இடம் கிடைத்தவன் வணிகன் ஆனான். அவனைவிட எந்த விதத்திலும் குறையாதவன், பாறைக் கரையில் பிறந்த பாவத்துக்கு மீன் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷம் இவற்றைக் கையால் செதுக்கியவன் சொல்கிறேன், நிலம்தான் முதலில் பேசுகிறது. மனிதன் பதில்தான் சொல்கிறான். எங்கள் இயக்குநர் நுழைவாயிலிலேயே எழுதி வைத்திருக்கிறார்: 'நிலம் விதித்தது, மனிதன் நடந்தான்.' பதினோராவது மேசைக்கு ஏதாவது ஒரு சாதாரண ஊர் வேண்டும் என்றார். நம் ஊரைச் செய்தேன். நகரமைப்புக் குழு கேள்விப்பட்டு, ஒரு நாள் இரவல் கேட்டது. கொண்டுபோய்க் காட்டினேன்.

உயரம் இருபத்தைந்து மடங்கு. எல்லா மேசைக்கும் அதே அளவுதான். உள்ளபடியே செய்தால் நாடு முழுக்கப் பலகை மாதிரி இருக்கும், பார்க்கிறவன் கொட்டாவி விட்டுவிட்டுப் போவான். இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. தட்டு, அவசரத்தில் மாட்ட மறந்திருக்கும். அதனால் என்ன கெட்டுப்போயிற்று? பள்ளம் பள்ளம்தானே? மேட்டில் இருக்கிறவன் வீட்டுக்குள் மீன் வருகிறதா?

அக்கா, அந்த இடத்தை விட்டு வந்துவிடு. அவர்கள் உங்களைத் தண்டிக்கவில்லை. காப்பாற்றுகிறார்கள். அம்மாவை அந்தத் தண்ணீர்தான் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அந்த மண்ணுக்கு வக்காலத்து வாங்குகிறாயே, உனக்கு எப்படி மனசு வருகிறது?

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

அம்மாவை இழுக்காதே. முதலில் அளவைப் பேசுவோம். உன் பட்டப்பெயரே அளவுகோல்தானே? கதவு, பூனை, அப்பாவின் மீசை என்று ஒன்றையும் விடாமல் அளந்தவனாயிற்றே.

நானும் அளந்தேன். சனிக்கிழமை காலை எங்கள் தெருக் கொத்தனார் தன் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்குமே, அந்தக் குழாய். ஒரு முனையை அவர் பிடிக்க, இன்னொன்றைத் தையற்காரர் பிடிக்க, நான் நோட்டில் குறிக்க, நம் வீட்டு வாசலில் ஆரம்பித்துப் பாலம் வழியாகப் பத்துப் பத்து மீட்டராக மேல்கரை நூலக வாசல்வரை போனோம். போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "என்ன பண்றீங்க?" என்றார். "பள்ளத்தைத் தேடுறோம் சார், காணாமப் போச்சு" என்றார் தையற்காரர். அந்தப் போலீஸ்காரரும் கொஞ்ச தூரம் குழாயைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மொத்த வித்தியாசம் இரண்டு மீட்டர். ஒரு ஆள், தலைக்கு மேல் ஒரு சாண். உன் மேசையில் ஒரு மீட்டர் தரைக்கு ஒரு மில்லிமீட்டர். அப்படியென்றால் இந்தப் பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். நீ அதை ஐந்து சென்டிமீட்டர் ஆக்கினாய். குழுத் தலைவர் குழிக்குள் கையை விட்டு, "கையே முழுங்குதுய்யா, இதுல எவன் குடியிருக்கச் சொன்னான்?" என்றாராம். நகராட்சியில் வேலை செய்யும் என் பழைய மாணவி சொன்னாள். நீ பக்கத்தில் குவளையோடு நின்றிருக்கிறாய். வாயைத் திறந்து, "ஐயா, அது இருபத்தைந்து மடங்கு" என்று சொல்ல உனக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

இனி உன் கூடத்துக்கு வருகிறேன். நீ எழுதியதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். நானும் அதைத்தான் வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் நான் அடுத்த பக்கத்தையும் புரட்டுகிறேன். அந்த முதல் மேசைச் சமவெளியில் வாய்க்கால் வெட்டி வெட்டித் தண்ணீர் பாய்ச்சி, வடிய வழி வைக்காமல் விட்டதில் அடியிலிருந்த உப்பு மேலே ஏறி வயல் வெளுத்துப்போன கதையை எந்த மேசையில் வைத்திருக்கிறாய்? அந்த உப்பை நிலமா கேட்டது? செங்குத்து மலையைப் படிப்படியாக வெட்டி வயலாக்கினவனுக்கு உன் மலை நாட்டில் இடம் உண்டா? கடல் மட்டத்துக்குக் கீழே கரை கட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வாழ்கிறவர்களை எந்தக் குழியில் போட்டிருக்கிறாய்? நிலம் ஒரு கேள்வி கேட்கும் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். பதிலையும் நிலமே சொல்லிவிட்டது என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். உங்கள் இயக்குநரின் அந்த வாசகம் குழுத் தலைவருக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்துப் பார்.

மேல்கரைச் சுவர் எங்கே? மாதிரியில் ஆறு இருக்கிறது, பாலமில்லை, சரி. மேல்கரை நெடுக மூன்று மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தத் தடுப்புச் சுவர் எங்கே போயிற்று? அந்தச் சுவர் வருவதற்கு முன்னால் வெள்ளம் இரண்டு கரையிலும் ஏறும். அங்கே ஆற்றோரத் தெருவில் முழங்கால், இங்கே இடுப்பு. இரண்டு நாளில் வடியும். சுவர் வந்தது, அங்கே பாதம் நனையவில்லை, அவர்கள் பங்கையும் சேர்த்து நாம் வாங்கினோம். அம்மா இறந்த வருஷம் கோடையில் அதை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினார்கள். ஒரே ஆறு, ஒரே வண்டல். ஒரு கரைக்குப் பூங்கா, ஒரு கரைக்குக் காலி செய்யும் உத்தரவு. இது நிலத்தின் இயல்பா?

அம்மாவைக் கொண்டுபோனது அந்தச் சுவர்.

தட்டை மறந்தேன் என்கிறாய். பத்து மேசைக்கு மாட்டியவன் பதினோராவதற்கு மறந்தாயா? எனக்கே காது குத்தப் பார்க்காதே.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

மறக்கவில்லை.

பித்தளைத் தட்டு. 'உயரங்கள் இருபத்தைந்து மடங்கு கூட்டிக் காட்டப்பட்டுள்ளன.' நாலு திருகாணி. மாட்டியிருந்தேன். குழுவின் அலுவலகத்தில் மாதிரியை இறக்கி வைத்த பிறகு, அவர்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நானே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

சுவரை விட்டது மட்டும் என் தந்திரம் இல்லை. "இந்தக் கூடத்துல நிலம் மட்டும்தான் பேசணும், மனுஷன் கட்டினது எதுவும் வரக்கூடாது" என்பது இயக்குநரின் விதி. ஆனால் அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். அந்த இடம் ஒழிய வேண்டும் என்று செய்தேன். தெரு, படி, வீடு எல்லாம் தரைமட்டமாக வேண்டும், வரைபடத்தில் கூட இருக்கக்கூடாது. குவளையைச் சாய்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. தண்ணீர் நேராக நம் வீடு இருக்கும் மூலைக்கு ஓடியது. 'இப்போதாவது பாருங்கள்' என்று தோன்றியது.

நீ சுவர், சுவர் என்கிறாய். சுவரை அந்தக் கோடை முழுக்கக் கட்டினார்கள். தினமும் பாலத்தில் நடந்து போனவள் நீ, நான் இல்லை. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போன் செய்து, "அக்கா, அம்மாவைக் கூட்டிட்டு இப்பவே கிளம்பிடு" என்றேன். தண்ணீர் அப்போது நம் வாசலின் முதல் படியில் இருந்தது. நீ என்ன சொன்னாய்? "மூணாம் படியோட நின்னுடும்டா. எனக்குத் தெரியாத ஆறா?" ஏழு படியும் முங்கியது. கட்டில் முங்கியது. அம்மா இரண்டு நாள் அலமாரி மேல் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது.

ஒன்பது வருஷமாக இதை நான் ஒரு தடவையும் சொல்லவில்லை. உன்னைத் திட்ட முடியாததால் மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டுவிட்டாய், சொல்லிவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2

பொது விசாரணை ஏப்ரல் 18, நகராட்சிக் கூடம், காலை பத்து மணி. வருவதாக இருந்தால் தட்டோடு வா. வராவிட்டால் தட்டைத் தபாலில் அனுப்பு.

படியைப் பற்றி இனி ஒரு எழுத்து எழுதாதே.


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

படியைப் பற்றி எழுதவில்லை.

புதிதாக ஒரு மாதிரி செய்கிறேன். அதே மூன்று மீட்டர் மேசை, உயரம் மட்டும் உள்ளது உள்ளபடி, ஒரு மடங்கு. இயக்குநருக்குத் தெரிந்ததும் அறைக்கே வந்துவிட்டார். "பலகைக்குப் பச்சை அடிச்சு அதுக்கு நிலமாதிரின்னு பேரா? அருங்காட்சியகத்தோட மானத்தை வாங்காதே" என்றார். பழைய மாதிரியில் தட்டு இல்லாமல் போனது எப்படி என்று நானே சொன்னேன். பிறகு, "விசாரணைக்குப் போனா திரும்பி வரும்போது உனக்கு இங்கே வேலை இருக்கும்னு நான் சொல்ல முடியாது" என்றார். சரி என்றேன். உனக்காக இல்லை. எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

இவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை. மலை செதுக்குவது சுலபம். இரண்டு மில்லிமீட்டரைச் செதுக்கிப் பார். முதல் தடவை கீழ்க்கரையைக் கச்சிதமாக இறக்கி, வழுவழுப்புக்காகத் தேய்ப்புத்தாள் ஒரே ஒரு ஓட்டு ஓட்டினேன். மேல்கரை தேய்ந்து நம் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் இரண்டு கரையும் சமம். இரண்டாம் தடவை வண்ணம் கொஞ்சம் தடிப்பாக விழுந்ததில் நம் பகுதி மேடாகிவிட்டது! தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு பூச்சு வண்ணத்தின் தடிமனை வைத்துக்கொண்டா முந்நூறு வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்? சொல்ல வைத்தது யார் என்பதும் தெரியும், நீ ஞாபகப்படுத்த வேண்டாம்.

சுவரை மெல்லிய தகரத்தில் வெட்டினேன். இரண்டு மில்லிமீட்டர் உயரம். கரை நெடுக ஒரு பிளவு வைத்திருக்கிறேன், சுவரைச் செருகலாம், உருவலாம். கடைசியாக உயர்த்திய ஒரு மீட்டருக்குத் தனியாக ஒரு மில்லிமீட்டர் பட்டை. அது கையில் நிற்கவே இல்லை. இடுக்கியில் பிடித்தால் வளைகிறது, தும்மினால் பறக்கிறது. நேற்று தரையில் விழுந்து முக்கால் மணி நேரம் முட்டிபோட்டுத் தேடினேன்.

நிலம் முதலில் பேசுகிறது என்பதை நான் இன்னும் விடவில்லை. அந்த இரண்டு மில்லிமீட்டர் பொய் இல்லையே. தண்ணீருக்கு அது தெரிகிறது. மீதி நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் நான் போட்டது.

பதினெட்டாம் தேதி வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். வண்டி மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிவிடும்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஒரே கூடத்தில் நாலு மணி நேரம் இருந்தோம். நீ என்னைப் பார்த்தாய், நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். கடிகாரம் ஓடவில்லை என்பது இரண்டு மணிக்குத்தான் தெரிந்தது.

உன் மாதிரியைக் கொண்டுவந்து வைத்ததும் குழுத் தலைவர், "என்னய்யா இது, சாப்பாட்டு மேசையா? பள்ளம் எங்கே?" என்றபோது நீ, "தடவிப் பாருங்க ஐயா" என்றாயே, அதற்கு மட்டும் நான் உள்ளுக்குள் கைதட்டினேன். அவர் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தும் கண்டுபிடிக்கவில்லை. பழைய மாதிரியின் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, "இதைக் கழட்டினது நான்தான்" என்று நீ சொன்னபோது கூடத்தில் எழுந்த சத்தத்தை நீயும் கேட்டாய். கொத்தனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உக்காருங்க, அடிக்கிறதா இருந்தா டீச்சர்தான் முதல்ல" என்று தையற்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

பிறகு தண்ணீர். சுவர் இல்லாமல் ஊற்றியதும் அது இரண்டு கரையிலும் பரவி, மேசை விளிம்பைத் தாண்டித் தலைவரின் கோப்புக்குள் போயிற்று. சுவரைச் செருகி ஊற்றியதும் மொத்தமும் நம் பக்கம் வந்தது. கடைசிப் பட்டையையும் நீ இடுக்கியால் எடுத்துச் சுவரின் மேல் வைத்து இன்னொரு குவளை ஊற்றினாய்.

நீ இரண்டு மணிக்குப் போய்விட்டாய். மீதியைச் சொல்கிறேன்.

நான் எழுந்தேன். உத்தரவில் 'நிலத்தின் இயல்பான தாழ்வு காரணமாக' என்ற வரியை அடித்துவிட்டு, 'மேல்கரைச் சுவரை உயர்த்திய காரணத்தால்' என்று எழுதச் சொன்னேன். எழுதி, யார் உயர்த்தியதோ அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டால் நாங்கள் காலி செய்வதைப் பற்றிப் பேசத் தயார் என்றேன். தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர், "எனக்கு வந்த வரைபடத்தைக் கட்டினேன் சார், அவ்வளவுதான்" என்றார். வரைபடம் போட்டவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். ஒப்புதல் கொடுத்தது போன குழுவாம். போன குழுவில் இருந்த ஒருவர் இந்தக் குழுவிலும் இருக்கிறார், அவர் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லையாம். நிலம் என்று எழுதியிருந்தவரை ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மனிதன் என்று எழுதச் சொன்னதும் ஒருத்தருக்கும் பேனா எழுதவில்லை. அரை மணி நேரம் அந்தத் தாள் மேசையைச் சுற்றி வந்தது. கடைசியில் தலைவர், "மறு அளவீடு முடியிறவரைக்கும் ஒத்திவைப்போம்" என்று நனைந்த கோப்பை மூடினார்.

தையற்காரர் ஜெயித்துவிட்டோம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். ஒத்திவைப்பது ஜெயிப்பது இல்லை. சுவர் இன்னும் அங்கேயே நிற்கிறது. ஜூலையில் ஆறு வரும்.

ஒன்பது பேரை நிற்கவைத்து, பெயரை எழுது, கையெழுத்துப் போடு என்று கத்திய நான், என் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ஏழு படி. மூன்றாவது படியில்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எழுதியது சரி. அந்தக் கோடை முழுக்க நான் பாலத்தில் நடந்தேன். சுவர் உயர்வதைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பை அங்கேயே கூட்டிப்போய், "இந்தப் பக்கம் உயர்ந்தா தண்ணி எங்கே போகும், சொல்லுங்க பாப்போம்" என்று கேள்வி கேட்டேன். பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். வகுப்புக்குப் போட்ட கணக்கை வீட்டுக்குப் போடவில்லை. என் தலைக்குள் பழைய ஆறே ஓடிக்கொண்டிருந்தது. "வா, போயிடலாம்" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அவளிடமும் மூன்றாம் படி என்றுதான் சொன்னேன்.

நீ மண்ணைத் திட்டினாய். நான் சுவரைத் திட்டினேன். சுவர் குற்றவாளிதான், அதை ஒருநாளும் விடமாட்டேன். ஆனால் சுவருக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதனால் எழுதுகிறேன்.

அம்மா இறந்ததற்கு நிலத்தின் இயல்பு காரணம் அல்ல. மேல்கரைச் சுவர் காரணம். அது உயர்ந்ததைப் பார்த்தும் மூன்றாம் படியோடு நின்றுவிடும் என்று சொன்ன நானும் காரணம்.

கையெழுத்து: அக்கா

கீழே இடம் விட்டிருக்கிறேன். உன் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதே தாளைத் திருப்பி அனுப்பு.


ஏப்ரல் 24, அதே தாளில்

தட்டைக் கழற்றியவன் நான். குவளையைச் சாய்த்தவன் நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் போனில் நான் "கிளம்பிடு" என்றுதான் சொன்னேன். "வர்றேன்" என்று சொல்லவில்லை. ஒரு மணிக்கு ரயில் இருந்தது. ஸ்டேஷன் என் அறையிலிருந்து நடக்கிற தூரம்.

அதற்கும் சேர்த்து,

கையெழுத்து: தம்பி